ப்ளூ ஹெரன் பாலத்துக்கு அடியில ஸ்நார்கெல் டிரெயில்: மூணு தடவை போயிட்டு வந்து எழுதுறேன்

ஃப்ளோரிடால ஸ்நார்கெல்லிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மேல மிதந்துக்கிட்டே தண்ணிக்குள்ள பாக்குறது) எங்க போலாம்னு யாரைக் கேட்டாலும் கீ லார்கோ, கீ வெஸ்ட்னு தான் பதில் வரும். நானும் கீ லார்கோ ரெண்டு தடவை போயிருக்கேன், அழகு தான், மறுக்கல, ஆனா போட் டிக்கெட், அந்த ஆட்டத்துல எங்க வீட்டுக்காரருக்கு வந்த வாந்தி, இப்ப தான் ஏதோ பாக்க ஆரம்பிச்சோம்னு இருக்கும்போதே ஏறுங்க ஏறுங்கன்னு கூப்பிடுறது, இதெல்லாம் சேர்த்துப் பாத்தா குடும்பத்தோட அடிக்கடி போற இடமா அது இல்ல. நான் சொல்லப் போறது ரிவியரா பீச்ல ப்ளூ ஹெரன் பாலத்துக்குக் கீழ இருக்குற ஃபில் ஃபாஸ்டர் பார்க். பாம் பீச் கவுன்ட்டியோட பார்க் இது. காரை நிறுத்திட்டு மணல்ல நடந்து போய் அப்படியே தண்ணில இறங்க வேண்டியது தான், போட் வேண்டாம், என்ட்ரிக்கு காசு இல்ல, நாங்க போனப்ப பார்க்கிங்குக்கும் காசு இல்ல. கோரல் ஸ்பிரிங்ஸ்ல இருந்து எங்களுக்கு ஒரு மணி நேர டிரைவ். மூணு தடவை போயாச்சு, அதுல முதல் தடவை சுத்தமா வீணாப் போச்சு, அதை முதல்ல சொல்லிடுறேன்.

அன்னிக்கு சனிக்கிழமை, சாவகாசமா சமைச்சு சாப்பிட்டு மதியம் ஒரு மணிக்குப் போய் நின்னோம். வர்ற வழியில ஒரு டைவ் ஷாப்ல (பேர் வேண்டாம்) மாஸ்க், ஸ்நார்கெல், ஃபின் எல்லாம் வாடகைக்கு எடுத்தோம். கார்டை தேய்ச்சாங்க, பையைக் குடுத்தாங்க, எத்தனை மணிக்கு இறங்கப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. தண்ணில இறங்குனா டிகாஷன் கலர்ல இருக்கு, கையை நீட்டுனா விரல் தெரியல, அதோட இழுப்பு வேற, நின்ன இடத்துல நிக்க முடியாம ஆளையே கிழக்குப் பக்கமா தள்ளிட்டுப் போகுது. பொண்ணுக்கு குடுத்த மாஸ்க் மூக்குப் பக்கம் ஒழுகி கண்ணு வரைக்கும் உப்புத்தண்ணி, பத்து நிமிஷத்துல அழுதுட்டா, பன்னெண்டு வயசுப் பிள்ளை, நீச்சல் கிளாஸ்ல எல்லாம் நல்லா நீந்துறவ, இனிமே கடல் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிட்டா. எனக்கு அந்தக் கடை மேல இன்னும் கோவம் இருக்கு. நாங்க தெரியாம வந்தோம் சரி, ஆனா அந்தப் பாலத்தை நம்பியே கடை வச்சிருக்குறவங்க, இப்ப போகாதீங்க, தண்ணி வத்திட்டு இருக்கு, நாளைக்கு காலைல வாங்கன்னு சொல்றதுக்கு அரை நிமிஷம் ஆகுமா?

அதைச் சொன்னது பார்க்கிங்ல ஸ்கூபா காத்து டேங்கைக் கழட்டி வண்டில ஏத்திட்டு இருந்த ஒரு வயசானவர். எங்க மூஞ்சியப் பாத்துட்டு அவரா வந்து பேசுனாரு. நீங்க மூணு மணி நேரம் லேட், இன்னிக்கு பத்து மணிக்கு இங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னாரு.

விஷயம் என்னன்னா இது திறந்த கடல் இல்ல, லேக் வொர்த் லகூன்னு சொல்ற காயல். பக்கத்துலயே கடலுக்குப் போற முகத்துவாரம் இருக்கு. தண்ணி ஏறும்போது வெளிக்கடல்ல இருந்து சுத்தமான தண்ணி உள்ள வருது, அதுவும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் அமெரிக்கக் கரைக்கு ரொம்ப நெருங்கி வர்ற இடம் இந்த பாம் பீச் பக்கம் தான், அதனால வர்ற தண்ணி நீலமா தெளிவா இருக்கும். வத்தும்போது காயல் தண்ணி, கால்வாய்ல இருந்து வர்ற மழைத்தண்ணி, சேறு எல்லாம் இந்தப் பாலத்துக்கு அடியில தான் வெளிய போகும். ரெண்டுக்கும் நடுவுல, தண்ணி முழுசா ஏறி நிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு, அப்ப இழுப்பு அடங்கிடும். அந்த உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இறங்கி, உச்சம் கழிஞ்சு அரை மணி முக்கால் மணில ஏறிடணும். அவ்ளோ தான் இந்த இடத்தோட ரகசியம். இங்க வந்து ஒண்ணுமே இல்லன்னு ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போனவங்க எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு கேளுங்க, முக்காவாசிப் பேர் வத்துற நேரத்துல வந்திருப்பாங்க.

நோவா (அமெரிக்க அரசோட கடல், வானிலைத் துறை) சைட்ல டைட் டேபிள், அதாவது தண்ணி ஏறி வத்துற நேரப் பட்டியல் இருக்கு, ஃப்ரீ தான். ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். சூரியன் மறைஞ்சா பார்க்கை மூடிடுவாங்க, அதனால பகல்ல வர்ற ஏத்தம் மட்டும் தான் நமக்கு. லீவு நாள்ல காலை ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள உச்சம் வந்தா அது தான் யோகம், ஒரு சனிக்கிழமை அப்படி வந்தா ரெண்டு வாரம் கழிச்சு வர்ற சனிக்கிழமையும் ஏறக்குறைய அதே நேரம் வரும். மூணு நாள் நல்ல மழை பெஞ்சிருந்தா மட்டும் ஏத்தமா இருந்தாலும் கலங்கல் இருக்கும், அப்ப போகாதீங்க.

ரெண்டாவது தடவை போனது போன வருஷம் மார்ச்ல, அப்பா தூத்துக்குடில இருந்து வந்திருந்தாங்க. 69 வயசு, ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க, சின்ன வயசுல கடல்லயே கிடந்தவங்க, ஆனா மாஸ்க் போட்டு தண்ணிக்குள்ள பாத்ததே இல்ல. எனக்கு அது அதுவரைக்கும் தோணவே இல்ல. கடல் பக்கத்துலயே அறுபது வருஷம் வாழ்ந்த மனுஷன், மீன் பேரு நூறு தெரியும், எல்லாத்தையும் வலையிலயும் ஏலக்கூடத்துலயும் தான் பாத்திருக்காங்க. இந்த தடவை எங்களுக்குன்னு சொந்தமா மாஸ்க் வாங்கிட்டோம். கடையில வாங்கும்போது பட்டையைப் போடாம மாஸ்க்கை முகத்துல வச்சு மூக்கால லேசா இழுங்க, கையை விட்டாலும் முகத்துலயே ஒட்டி நின்னா அது உங்க முகத்துக்கு சரியான மாஸ்க். அப்பாவுக்கு மீசை இருக்குறதால அது வழியா கொஞ்சம் தண்ணி வரத்தான் செஞ்சுது, மேல் உதட்டுல வாஸ்லின் தடவுனோம், பரவால்ல. மார்ச்ல தண்ணி குளிரும், 24 டிகிரி பக்கம், நம்ம ஆளுங்களுக்கு மெல்லிசா ஒரு வெட்சூட் வேணும்.

காலைல 8:40-க்கு இறங்குனோம், உச்சம் 9:45. அப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு நான் ஒரு பக்கம் கையைப் பிடிச்சுக்கிட்டேன். பீச்ல இருந்து தெற்குப் பக்கமா மிதவை கட்டின எல்லை வரைக்கும் மணல் தான், பெருசா ஒண்ணும் இருக்காது, அங்க நின்னு ஏமாந்து திரும்பிடாதீங்க. கொஞ்சம் தள்ளிப் போனா பாறைக் குவியல் குவியலா ஆரம்பிக்கும். இது இயற்கையா வந்த பாறை இல்ல. வெறும் மணலா கிடந்த இடத்துல கவுன்ட்டிக்காரங்க சுமார் 600 டன் சுண்ணாம்புக்கல் பாறைகளையும், வார்த்து வச்ச கான்கிரீட் கூடுகளையும் கொண்டு வந்து இறக்கி 2012-ல திறந்து விட்டாங்க. மொத்தம் ரெண்டு ஏக்கர், கிட்டத்தட்ட 800 அடி நீளம், ஆழம் 6 அடில இருந்து 10 அடி தான்.

கல்லைப் போட்டா மீன் எப்படி வரும்னு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி. மணல்ல எதுவும் ஒட்டிப் பிடிக்க முடியாது, அலை அடிச்சா புரண்டுடும். அசையாத கல்லு கிடைச்சா தண்ணில மிதந்து வர்ற பாசி விதை, கடற்பஞ்சு, சிப்பி, கொட்டலசு எல்லாம் வந்து ஒட்டிக்கும், அதைத் தின்ன சின்ன மீன், நண்டு, இறால் வரும், அதுங்களைத் தின்ன பெருசு வரும், ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்குற இடுக்கு ஒளிஞ்சுக்க வீடாகும். அப்பா இதைக் கேட்டுட்டு, நம்ம ஊர்ல இதைத் தான் பார்னு சொல்லுவாங்கன்னாங்க. பார் இருக்குற இடத்துல தான் மீன் கிடக்கும்னு எல்லா தொழிலாளிக்கும் தெரியும். எங்க ஊர்ல ஒரு காலத்துல பவளப்பாறைய வெட்டி வெட்டி சுண்ணாம்புக்கு எடுத்தாங்க, வான் தீவு கரைஞ்சு கரைஞ்சு சுருங்கிப் போச்சு, அப்புறம் 2015-ஐ ஒட்டி அதே கடல்ல கான்கிரீட் கட்டிகளை இறக்கி தீவைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. எடுத்ததைத் திருப்பி வைக்க எவ்ளோ பாடு!

சரி, தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். தலையை வச்ச உடனே மஞ்சள்ல கருப்புப் பட்டை போட்ட சார்ஜென்ட் மேஜர் மீன் கூட்டமா வந்து நம்மளைச் சுத்தும், பயமே கிடையாது அதுக்கு. கிளிமீன் கல்லைக் கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள கரக் கரக்னு தெளிவா கேக்கும். ஏஞ்சல் மீன், பேத்தை, கல்லு இடுக்குல வாயைத் திறந்து திறந்து மூடுற அஞ்சாளை, மேல்மட்டத்துல அசையாம நிக்கிற சீலா. புள்ளி போட்ட பெரிய திருக்கை ஒண்ணு ரெக்கையை அடிச்சு அடிச்சு எங்களுக்குக் கீழ போச்சு, அப்பா என் கையை இறுக்கிப் பிடிச்சாங்க, மேல வந்து ஸ்நார்கெல்லைத் துப்பிட்டு, "ஏளா, இத வெட்டித்தான் பாத்துருக்கேன், இப்படிப் பறக்கும்னு தெரியாதுல்லா"ன்னாங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கே வந்தது போதும்னு ஆயிடுச்சு.

ஆனா இந்த இடத்துக்கு உலகம் பூரா இருந்து போட்டோ எடுக்குறவங்க வர்றது பெரிய மீனுக்கு இல்ல, விரல் அளவு இருக்குற ஜீவனுக்கு. கடல்குதிரை, தவளைமீன், பேட்ஃபிஷ், பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), கலர் கலரா கடல் நத்தை, இதெல்லாம் மணல்லயும் பாலத்துத் தூண்லயும் பழைய கயித்துலயும் ஒளிஞ்சு கிடக்கும். அவசரமா நீந்துனா ஒண்ணும் தெரியாது. ஒரே இடத்துல அஞ்சு நிமிஷம் அசையாம மிதந்தா தான் மணல்னு நெனச்சது கண்ணைத் திறக்கும். கடல்முள்ளி ஒண்ணைப் பாத்தோம், உடம்பெல்லாம் முள்ளா உருண்டையா இருக்கும், தலை மேல சிப்பி, புல்லு, ஒரு சோடா மூடி எல்லாத்தையும் தூக்கி வச்சுக்கிட்டு நகர்ந்து போகுது, வெயில்ல இருந்தும் மத்த கண்ணுல இருந்தும் மறைஞ்சுக்க அது அப்படித் தான் கையில கிடைச்சதைச் சுமக்குமாம்.

எனக்கு மறக்கவே முடியாதது ஜாஃபிஷ். எட்டடி ஆழத்துல மணல்ல ஒரு ஓட்டை, வாய்ல சின்னச் சின்ன கல்லும் சிப்பித்துண்டும் கிணத்துக்கு உறை போட்ட மாதிரி அடுக்கி வச்சிருக்கு. அதுல இருந்து கட்டைவிரல் அளவு ஒரு தலை மேல வந்து எங்களைப் பாத்துச்சு. வாய் உப்பி இருந்துச்சு. என்னடா எதையோ கவ்வியிருக்கேன்னு பாத்தா வாய் முழுக்க முட்டை, ஜவ்வரிசிய விடச் சின்னதா பளபளன்னு ஒட்டிக்கிட்டு ஒரு உருண்டை, கூர்ந்து பாத்தா ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வெள்ளிக் கண்ணு. அப்பப்ப அந்த உருண்டையை வாய்க்கு வெளிய பாதி தள்ளி உடனே உள்ள இழுத்துக்குது, முட்டைக்கு நல்ல தண்ணி படணும்னு அப்படிப் பண்ணுதாம். அது ஆண் மீன். பொரியிற வரைக்கும் வாய்லயே வச்சுக் காக்குறது அப்பன் வேலை, அத்தனை நாளும் அது சரியா சாப்பிடக் கூட முடியாது. என் பொண்ணு தலையைத் தூக்கவே இல்ல, கடல் பக்கமே வரமாட்டேன்னு சொன்ன பிள்ளை. அவ முதுகு வெயில்ல சிவந்து போச்சு, அதுக்கும் ஒரு வார்த்தை: முழுக்கை ரேஷ்கார்டு (தண்ணில போடுற ஒட்டுன சட்டை) போட்டுட்டுப் போங்க, முதுகும் கால் பின்பக்கமும் தான் மிதக்கும்போது கருகும்.

திரும்பி வரும்போது மானட்டி ஒண்ணு தாயும் குட்டியுமா வந்துச்சு. நம்ம ஊர் கடல்பசு ஆவுளியாவுக்குச் சொந்தக்காரி, வால் மட்டும் வட்டமா துடுப்பு மாதிரி இருக்கும். தொடக்கூடாது, துரத்தக்கூடாது, சட்டப்படி குத்தம். கையைக் கட்டிக்கிட்டு மிதந்தோம், அதுங்க பாட்டுக்குப் போச்சு.

மூணாவது தடவை நானும் வீட்டுக்காரரும் ஸ்கூபா, அதாவது முதுகுல காத்து டேங்க் போட்டு இறங்குனோம், ரெண்டு பேர்ட்டயும் ஓப்பன் வாட்டர் கார்டு (ஸ்கூபா பயிற்சி முடிச்ச சான்று) இருக்கு. பத்தடி ஆழத்துக்கு எதுக்கு டேங்க்னு கேக்குறவங்களுக்கு: காத்து கணக்கைப் பாருங்க. 60 அடில அழுத்தம் கரையில இருக்குறதை விட கிட்டத்தட்ட 2.8 மடங்கு, பத்தடில 1.3 தான். எனக்கு 60 அடில 45 நிமிஷம் வர்ற அலுமினியம் 80 டேங்க் இங்க ஒன்றரை மணி நேரம் தாண்டி வந்துச்சு, டேங்க் தீர்றதுக்கு முன்னாடி ஏத்தம் தீந்துடுச்சு. பாலத்துத் தூண் பக்கம் 20 அடி வரைக்கும் போலாம், தூண் முழுக்க ஆரஞ்சு, ஊதான்னு கடற்பஞ்சு படிஞ்சு கிடக்கு, அதுல தான் கடல்குதிரையைப் பாத்தேன், வாலை ஒரு பழைய கயித்துல சுத்திப் பிடிச்சுக்கிட்டு நீவாடுக்கு (நீரோட்டத்துக்கு) தக்க ஆடிட்டு இருந்துச்சு.

ஆழம் கம்மி, அதனால ஈஸின்னு மட்டும் நெனைக்காதீங்க. முதல் பத்தடில தான் காது அதிகமா அடைக்கும், மிதப்பை சமன் பண்றதும் இங்க தான் கஷ்டம், மூச்சு கொஞ்சம் பெருசா இழுத்தா மேல தூக்கிடும், விட்டா தரையில முட்டி மணல் கிளம்பும், அப்படிக் கிளம்புனா பின்னாடி வர்ற பத்துப் பேருக்கு ஒண்ணும் தெரியாது. டேங்க்ல மூச்சு விடும்போது மூச்சை அடக்கிக்கிட்டு மேல வர்றது ஆறடி ஆழத்துல கூட நுரையீரலைக் கிழிச்சுடும், அதனால பயிற்சி இல்லாம யாரும் டேங்க் மாட்டாதீங்க. குழந்தைங்களுக்கு பத்து வயசுல இருந்து கோர்ஸ் இருக்கு, நிறைய இன்ஸ்ட்ரக்டர்ங்க இங்கயே கூட்டிட்டு வந்து சொல்லிக் குடுக்குறாங்க.

டைவ் ஃபிளாக், அதாவது தண்ணிக்குள்ள ஆள் இருக்குன்னு போட்காரங்களுக்குக் காட்டுற கொடி, கட்டாயம். சிவப்புல குறுக்கா வெள்ளைக் கோடு, மிதவையில கட்டுறது குறைஞ்சது 12 அங்குலம் இருக்கணும், கயித்தோட இழுத்துட்டுப் போகணும். இந்த மாதிரி குறுகலான தண்ணில கொடிக்கு 100 அடிக்குள்ள வர்ற போட் ரொம்ப மெதுவா தான் போகணும், நாமளும் கொடியை விட்டு அதுக்கு மேல தள்ளிப் போகக்கூடாது. ஞாயித்துக்கிழமை பக்கத்துல இருக்குற பீனட் ஐலேண்டு தீவுக்குப் போற போட் கூட்டம் பயங்கரமா இருக்கும், போட் போற சேனல் பக்கம் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் போகாதீங்க. தூண் பக்கம் தூண்டில் நரம்பு நிறைய சிக்கிக் கிடக்கு, ஒரு சின்னக் கத்தியோ கத்தரியோ வச்சுக்கோங்க. மணல்ல கால் வைக்கும்போது தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, புதைஞ்சு கிடக்குற திருக்கை ஒதுங்கிடும். எதையும் பொறுக்கி எடுத்துட்டு வராதீங்க, மீன்தொட்டிக்குன்னு இங்க பிடிக்கிறதைத் தடை பண்ணியிருக்காங்க, ரொம்ப சரியான தடை.

குறைன்னு பாத்தா பார்க்கிங் தான். நல்ல ஏத்தம் வர்ற சனி ஞாயிறு எட்டரைக்கெல்லாம் நிறைஞ்சுடும், அதுக்கு மேல வந்தா சுத்திச் சுத்தி ஏத்தத்தைக் கோட்டை விடணும். நாங்க போன நாள்ல பாத்ரூம் ஈரமும் மணலுமா சுமாரா தான் இருந்துச்சு, வெளிய ஷவர் இருக்கு, உப்பைக் கழுவ அது போதும். சாப்பாடு வீட்டுலயே கட்டிட்டுப் போயிடுங்க, நாங்க புளியோதரையும் முட்டையும் கொண்டு போனோம், தண்ணில இருந்து ஏறுன பசிக்கு அதை மிஞ்சி ஒண்ணும் இல்ல.

அஞ்சுக்கு அஞ்சு குடுக்குறேன், பார்க்கிங்குக்குக் கூட குறைக்க மனசு வரல. அப்பா ஊருக்குப் போயிட்டாங்க, இந்த வருஷம் திரும்பி வர்றாங்க. போன வாரம் வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. டெய்லி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் அவங்க தங்கப் போற ரெண்டு மாசத்துக்கும் பாலத்துல எந்தெந்த சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தண்ணி நிக்கும்னு பேனாவால வரிசையா எழுதி, காலை பத்து மணிக்கு வர்றதை மட்டும் ரெண்டு கோடு போட்டு வச்சிருக்காங்க.